உஷார்! சர்வர் டொமைனில் சேரவில்லையா? ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

சேலத்து மருத்துவமனையோ, நாமக்கல் கோழிப்பண்ணையின் தலைமை அலுவலகமோ, சங்ககிரி லாரி ஆபீஸோ, ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலையோ, பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப்போகிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. இந்த இரண்டையும் நம்பி ஓடிய அலுவலகங்கள் பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது வேலை அடிக்கடி முட்டி நிற்கிற இடம் ஒன்று உண்டு. புதுச் சர்வரை அலுவலக டொமைனில் சேர்க்கும் இடம்.

டொமைன் பெயரை அடித்து, அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்ததும் திரையில் ஒரு பெட்டி எழும்பும். நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்றோ, டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றோ சொல்லும். மணி இரவு எட்டைத் தாண்டியிருக்கும். காலையில் பில் போட்டாக வேண்டும், லோடு ஏற்றிய வண்டி கிளம்ப வேண்டும், முதலாளி பின்னாலேயே நிற்பார். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "சார், ஃபயர்வால ஆஃப் பண்ணிப் பார்த்தரலாங்களா?"

வேண்டாம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆபத்து இருக்கட்டும். அதற்கு முன், அந்த வைத்தியத்தால் பெரும்பாலும் பயனே இல்லை. டொமைனில் சேரும்போது பேச்சைத் தொடங்குவது புதுச் சர்வர்தான். அது வெளியே போய்க் கேட்கிறது, டொமைன் கன்ட்ரோலர் பதில் சொல்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான அமைப்பு, வெளியே போகும் பேச்சைத் தடுப்பதில்லை. உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. கன்ட்ரோலர் பக்கத்தில் பார்த்தால், ஆக்டிவ் டைரக்டரியை நிறுவும்போதே தேவையான கதவுகளை விண்டோஸ் தானாகத் திறந்துவிடுகிறது. யாரும் கைவைக்காத ஃபயர்வால் இந்தப் பிழைக்குக் காரணமாக இருப்பது அபூர்வம். அணைத்த பிறகு சேர்ந்துவிட்டது என்று சொல்கிற இடங்களில், கூடவே ஒரு ரீஸ்டார்ட் நடந்திருக்கும், டிஎன்எஸ் மாற்றப்பட்டிருக்கும், தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டிருக்கும். பெயர் மட்டும் ஃபயர்வாலுக்குப் போகும். மறுநாள் காலையில் வேலை ஓடத் தொடங்கியதும் அதைத் திரும்பப் போட யாருக்கும் நினைவிருக்காது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

அப்படித் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் 445-ஆம் போர்ட்டில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற தீநிரல் கிளம்பியது. திருத்தம் போடாமல், அந்தப் போர்ட் எட்டும் நிலையில் இருந்த கணினிகளை, யாரும் எதையும் சொடுக்காமலே, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போனது. பக்கத்து ஆந்திராவில் காவல்துறையின் கணினிகளே மாட்டின. அது தொத்திப் பரவிய, எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் பழைய முதல் பதிப்பை அந்த வருடக் கடைசியிலிருந்தே புதிய விண்டோஸ்களில் இயல்பாகச் சேர்க்காமல் விட்டார்கள். இன்றும், சர்வர் 2003 கன்ட்ரோலர் ஓடுகிற அலுவலகத்தில் புதுக் கணினி சேரவில்லை என்றால், எஸ்எம்பி முதல் பதிப்பை இயக்கிவிடு என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். சர்வர் 2003-க்கு 2015 ஜூலையிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. அங்கே மாற்ற வேண்டியது கன்ட்ரோலரை.

சரி, பிறகு எங்கே பார்ப்பது? சேர்க்கும் பொத்தானை அழுத்தியதும் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புதுச் சர்வர் முதலில் டிஎன்எஸ்ஸிடம் "இந்த டொமைனுக்குக் கன்ட்ரோலர் யார்?" என்று கேட்கிறது. பதிலாக ஒரு பெயரும் முகவரியும் வரும். அந்த முகவரியின் 389-ஆம் போர்ட்டில் எல்டாப் வழியாக, ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும். 88-ஆம் போர்ட்டில் கெர்பரோஸ் சீட்டு வாங்கும். 445 வழியாக உள்ளே நுழையும். 135-இல் கேட்டு, 49152-க்கு மேற்பட்ட போர்ட்களில் ஒன்றில் மீதிப் பேச்சை நடத்தும். கடைசியில் டைரக்டரியில் தன் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கி, அதற்கென ஒரு ரகசியப் பாஸ்வேர்டையும் வைத்துக்கொள்ளும். இதில் எந்தப் படியில் அறுந்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே மாதிரியான பயமுறுத்தும் வாசகம்தான். எண்தான் வேறுபடும்.

அதனால் வாசகத்தை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் டீபக் என்ற ஃபோல்டரில் நெட்செட்டப் என்ற லாக் ஃபைல் இருக்கும். ஒவ்வொரு முயற்சியும் அதில் நேரத்தோடு பதிவாகிறது. நோட்பேடில் திறந்து கடைசிப் பகுதியைப் படித்தால், எந்தப் படிவரை போனது, எந்த எண்ணோடு நின்றது என்பது தெரியும். 9003 என்றால் அந்தப் பெயரே டிஎன்எஸ்ஸில் இல்லை. 1355 என்றால் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 53 என்றால் கன்ட்ரோலருக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. 64 என்றால் பேச்சு தொடங்கி நடுவில் அறுந்தது. 1722 என்றால் 135-லோ அதற்கடுத்த மேல் போர்ட்களிலோ தடை. 1398 என்றால் கடிகாரம். 2732 என்றால் பழைய கணக்குத் தகராறு. படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைத் திறந்து பார்க்காமல் இரவெல்லாம் மென்பொருளைக் கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

முதல் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான் விழ வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் ஃபைபர் மோடம்தான் எல்லாம். ஐபி முகவரி கொடுப்பது அது, டிஎன்எஸ் கொடுப்பதும் அது. புதுச் சர்வரைச் செருகியதும் மோடம் தன் முகவரியையே டிஎன்எஸ் என்று கொடுத்துவிடும். இன்டர்நெட் ஜோராக ஓடும், யூட்யூப் வரும். ஆனால் உங்கள் டொமைன் பெயர் மோடத்துக்குத் தெரியாது, இன்டர்நெட்டுக்கும் தெரியாது. நெட் வருகிறதே, பிறகு ஏன் சேரவில்லை என்று குழம்புவது இங்கேதான். புதுச் சர்வரின் டிஎன்எஸ் கட்டத்தில் டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மட்டும் இருக்க வேண்டும்.

மட்டும் என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8 போட்டுவைக்கிற பழக்கம் பரவிக் கிடக்கிறது. முதல் டிஎன்எஸ் ஒரு கணம் பதில் தராவிட்டால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிவிடும், சுலபத்தில் திரும்பியும் வராது. காலையில் சேர்ந்த சர்வர் மதியம் லாகின் ஆகமாட்டேன் என்பதற்கு இது ஒரு காரணம். வெளி இணையத் தேடலுக்கு வழி வேண்டும் என்றால், கன்ட்ரோலரின் டிஎன்எஸ் சேவைக்குள் ஃபார்வர்டர் என்ற இடத்தில் வெளி முகவரியைக் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் வேண்டும் என்றால் இரண்டாவது கன்ட்ரோலர் வையுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் சேரவில்லையா? ஐபிகான்ஃபிக் ஆல் கட்டளையைப் போட்டு, டிஎன்எஸ் சர்வர் வரிசையில் நீளமான ஐபிவி6 முகவரி ஒன்று முதலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மோடம் ஐபிவி4 முகவரியைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. ஐபிவி6 வழியாகவும் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஐபிவி4 கட்டத்தை எவ்வளவு சுத்தமாக நிரப்பினாலும், கேள்வி அந்தப் பக்கமாக நழுவிப் போகும். மோடத்தின் அமைப்புக்குள் போய், உள் நெட்வொர்க்குக்கு அது ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பதை நிறுத்துங்கள். விண்டோஸில் ஐபிவி6-ஐயே பிடுங்கிப் போடுவதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை. இது வெறும் தொந்தரவு என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் 2018 ஜனவரியில் எம்ஐடிஎம்6 என்ற கருவியை வெளியிட்டு, உள்ளே நுழைந்த ஒருவன் இதே வழியில் தன்னை டிஎன்எஸ் என்று அறிவித்து, டொமைன் கணினிகளின் பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும் என்று காட்டியது.

டொமைனுக்கு வைக்கும் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி வந்த புதிதில், மைக்ரோசாஃப்டின் வழிகாட்டிகளில் எடுத்துக்காட்டாக இருந்த 'கார்ப்' என்ற பெயரையே ஏராளமான நிறுவனங்கள் தங்கள் டொமைனுக்கு வைத்துவிட்டன. கார்ப் டாட் காம் என்ற இணைய முகவரியை 1994-லேயே அமெரிக்காவில் ஒரு தனிமனிதர் வாங்கி வைத்திருந்தார். அலுவலகத்தை விட்டு மடிக்கணினி வெளியே போனதும், அது தன் டொமைனைத் தேடி அந்த முகவரியின் கதவைத் தட்டத் தொடங்கியது. 2019-இல் நடந்த ஒரு சோதனையில் 3,75,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அப்படி வந்து, தங்கள் அலுவலக விவரங்களை நீட்டின. யாரோ தீயவன் கையில் அது போய்விடும் என்று பயந்து, 2020-இல் மைக்ரோசாஃப்டே அந்த முகவரியை வாங்கிக்கொண்டது. உங்கள் டொமைனுக்கு, நீங்கள் பணம் கட்டிப் பதிந்து வைத்திருக்கும் இணைய முகவரியின் கீழ் ஒரு கிளைப் பெயரை வையுங்கள். அடுத்தவர் முகவரி வேண்டவே வேண்டாம்.

இனி கடிகாரம். கன்ட்ரோலருக்கும் புதுச் சர்வருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் கெர்பரோஸ் சீட்டுத் தராது. பழைய சீட்டைத் திருடி மறுபடி நீட்டுகிறவனைத் தடுக்கத்தான் இந்தக் கெடு. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோன சர்வர், ஒவ்வொரு மின்வெட்டிலும் பல வருடம் பின்னால் போய் எழுந்திருக்கும். கோடை மழையும் இடியும் தொடங்கினால் சேலம் சமவெளியில் மின்சாரம் படும் பாடு உங்களுக்கே தெரியும். யுபிஎஸ்ஸும் உட்கார்ந்துபோய், பொங்கல் விடுமுறை முழுக்க அணைந்து கிடந்த கன்ட்ரோலரை முதலில் எழுப்பும்போது தேதியைப் பாருங்கள். வருடத்தையும் பாருங்கள். மணி சரியாக இருந்து வருடம் தவறாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. டைம்ஸோனை அமெரிக்க நேரத்திலேயே விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் இந்திய நேரத்துக்குத் திருப்பிவைக்கிறவர்களும் உண்டு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே நேரம் காட்டும். உள்ளே பல மணி நேர வித்தியாசம் இருக்கும்.

நேரத்தைச் சரியாக வைப்பது இப்போது விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் நேரச் சர்வரோடோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் வேறொன்றோடோ பொருத்தி வைக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை தூரம். காம்பவுண்டுக்குள் ஆபீஸ் ஒரு மூலை, தீவன ஆலை ஒரு மூலை. சேகோ ஆலையில் காயவைக்கும் களத்தைத் தாண்டித்தான் குடோன். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் இழுத்த கேபிளில் பிங் போகும், சின்னச் சின்னப் பேச்சு போகும், கனமான பேச்சு தொடங்கியதும் அறுந்துவிடும். 64-ஆம் எண் அடிக்கடி வருகிறதா, கேபிள் போகிற வழியை நடந்து பாருங்கள். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஜாயின்ட், மோட்டார் ஒயரோடு ஒட்டிப் போகும் நீளம், எலி கடித்த இடம் எல்லாம் கண்ணில் படும். இடியும் அந்தக் கேபிள் வழியாகத்தான் சர்வர் அறைக்குள் வருகிறது. இரண்டு கட்டிடத்துக்கு நடுவே ஃபைபர் இழுத்துவிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

சேலத்தில் தலைமை அலுவலகம், திருச்செங்கோட்டிலோ பரமத்தி வேலூரிலோ கிளை என்று விபிஎன் வழியாகச் சேர்க்கிறவர்களுக்கு இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். விபிஎன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தன் உறையைச் சுற்றுவதால், முழு அளவுப் பொட்டலம் வழியில் சிக்கிக்கொள்ளும். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். போகவில்லையென்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து எது போகிறதோ அதைக் கண்டுபிடித்து, விபிஎன் கருவியில் அதற்கேற்பத் திருத்துங்கள். நடுவில் இருக்கும் ஃபயர்வால் கருவியில் போர்ட் திறப்பதாக இருந்தால், அந்தக் கிளைச் சர்வரின் முகவரியிலிருந்து அந்தக் கன்ட்ரோலரின் முகவரிக்கு மட்டும் திறக்கும்படி விதி எழுதுங்கள். எது அடைபட்டிருக்கிறது என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் போர்ட் எண்ணைக் கொடுத்தால், திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும்.

ஃபயர்வாலே உண்மையில் காரணமாக இருந்த ஒரு சம்பவமும் அண்மையில் நடந்தது. மறைக்காமல் அதையும் சொல்கிறேன். விண்டோஸ் சர்வர் 2025-இல் ஓடும் கன்ட்ரோலர்கள், ரீஸ்டார்ட் ஆனதும் டொமைனுக்குரிய ஃபயர்வால் விதிகளை எடுத்துக்கொள்ளாமல் பொது விதிகளோடு எழுந்திருக்கின்றன, அதனால் மற்ற கணினிகளுக்கு அவை எட்டாமல் போகின்றன என்று 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. ஜூன் மாத அப்டேட்டில் திருத்தம் வந்தது. அதுவரைக்கும் அவர்கள் சொன்ன வழி, நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குவது. அப்போதுகூட ஃபயர்வாலை அணைக்கச் சொல்லவில்லை. உங்கள் கன்ட்ரோலர் சர்வர் 2025 என்றால், அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2732 என்ற எண்ணுக்குத் தனியாக உஷார் சொல்ல வேண்டும். பழைய சர்வரின் பெயரையே புதியதற்கும் வைக்க எல்லோருக்கும் ஆசை. டேலியிலிருந்து பிரின்டர் வரை எல்லாம் அந்தப் பெயரைத் தேடித்தான் வருகின்றன. ஆனால் 2022 அக்டோபர் 11 அப்டேட்டுக்குப் பிறகு, டைரக்டரியில் ஏற்கெனவே இருக்கும் கணினிக் கணக்கை வேறொருவர் எடுத்துக்கொள்வதை விண்டோஸ் மறுக்கிறது. அடுத்தவரின் சர்வர் கணக்கைக் கைப்பற்றிக்கொள்ள வழிவிட்ட ஓட்டையை அடைக்கத்தான் அது வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் இந்தத் தடை நீங்கும் என்று கைமாறிக் கைமாறி ஒரு யோசனை சுற்றியது. பின்னால் வந்த அப்டேட்டுகளில் மைக்ரோசாஃப்டே அதைச் செல்லாததாக்கிவிட்டது. நேர்வழி எளிது. அந்தக் கணக்கை முதலில் உண்டாக்கிய அதே பயனரைக் கொண்டு சேருங்கள். அல்லது பழைய சர்வர் இனி வராது என்று உறுதி செய்துகொண்டு, அதன் கணக்கை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

கணக்குப் பேச்சு வந்ததால் இதையும் பாருங்கள். இயல்பான அமைப்பில், டொமைனில் இருக்கும் சாதாரணப் பயனர் ஒவ்வொருவரும் 10 கணினி வரை தாமே சேர்க்கலாம். பில் போடும் ஊழியர் முதல் எல்லோருக்கும் அந்த உரிமை இருக்கிறது. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட ஓட்டை ஒன்று, இந்த உரிமையை வைத்தே சாதாரணப் பயனர் டொமைன் அட்மின் ஆகிவிடும் அளவுக்குப் போனது. அந்த 10-ஐ 0 ஆக்குங்கள். கணினி சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, அந்த உரிமையை மட்டும் கொடுங்கள்.

டொமைன் அட்மின் பாஸ்வேர்டு அலுவலகம் முழுவதற்குமான கொத்துச் சாவி. அதைச் சர்வீஸுக்கு வந்தவரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சேர்ந்ததும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதே அட்மினாகப் புதுச் சர்வருக்குள் லாகின் செய்கிறோம். அந்தச் சர்வரின் நினைவகத்தில் அந்த அடையாளம் தங்கிவிடுகிறது. 2017 ஜூன் 27-இல் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா என்ற தீநிரல், இப்படி நினைவகத்தில் கிடந்த அடையாளங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் திருத்தம் போட்ட கணினிகளுக்குள்ளும் புகுந்தது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சாய்ந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையம் நின்றது. துறைமுக வாசலில் கன்டெய்னரோடு காத்துக் கிடப்பது என்றால் என்ன என்று நாமக்கல் லாரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேர்ஸ்க்கிடம் உலகமெங்கும் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்று, ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அழிந்தது. மிச்சம் இருந்தது ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒன்று மட்டும், அதுவும் தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்வெட்டு ஏற்பட்டு அணைந்து கிடந்ததால். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கானாவிலிருந்து நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றுதான் மறுபடி டொமைனைக் கட்டினார்கள். பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கணினி திரும்ப நிறுவப்பட்டன என்று அந்நிறுவனத்தின் தலைவர் 2018-இல் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கன்ட்ரோலர். அதன் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பை ஒரு டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது புதிதாக எடுங்கள். பொதுவாக 180 நாளுக்கு மேல் பழையதானால் அதைக் கொண்டு டொமைனை மீட்க முடியாது.

இன்னொரு வலை, பிழை எண்ணை இணையத்தில் தேடும் இடத்தில் விரிந்திருக்கிறது. இந்தக் கருவியை இறக்கினால் சரியாகிவிடும் என்று ஒன்று வரும். மைக்ரோசாஃப்ட் உதவி மையம் என்று ஒரு கைபேசி எண் வரும். கூப்பிட்டால், தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அவசரத்தில் இருக்கிறவர் போட்டுவிடுவார். அதே அவசரத்தில், கோயம்புத்தூரில் இருக்கும் தெரிந்த இன்ஜினியர் உள்ளே வரட்டும் என்று மோடத்தில் 3389-ஆம் போர்ட்டைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் சர்வரின் லாகின் திரையைப் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் அதைத்தான் தேடி அலைகின்றன.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பர் 23-இல் சைபர் தாக்குதலால் முடங்கியபோது 5 சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் உள்ளே நுழைய வழிவிட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சேலத்தில் எத்தனை தனியார் மருத்துவமனைகளில் வரவேற்பறை வைஃபையும், ஸ்கேன் இயந்திரமும், நோயாளி விவரச் சர்வரும் ஒரே ஸ்விட்ச்சில் தொங்குகின்றன என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். அந்த ஸ்விட்ச்சில் ஃபயர்வால் அணைந்த சர்வர் ஒன்று சேர்ந்தால் போதும்.

இன்று இரவே செய்ய வேண்டியது இது. அலுவலகத்தின் ஒவ்வொரு சர்வரிலும் ஃபயர்வாலின் மூன்று விதத் தொகுப்புகளும், டொமைன், தனியார், பொது ஆகியவை, இயங்குகின்றனவா என்று பாருங்கள். அணைந்திருந்தால் போடுங்கள், ஏதாவது ஒரு மென்பொருள் நின்றால், அதற்கான போர்ட்டை மட்டும் திறந்து விதி எழுதுங்கள். மோடத்தில் வெளியிலிருந்து திறந்து வைத்த போர்ட்களின் பட்டியலை எடுத்து, 3389-ஓ 445-ஓ இருந்தால் உடனே மூடுங்கள். எஸ்எம்பி முதல் பதிப்பு இயங்கினால் நிறுத்துங்கள். வேலை முடித்துப் போனவரிடம் கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எனிடெஸ்க்கை நீக்குங்கள். கோப்புப் பெயர்களின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன் மாறியிருந்தாலோ, தெரியாத அட்மின் பயனர் முளைத்திருந்தாலோ, சர்வரை அணைக்காமல் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அதே 2022 ஆணை. அவர்களின் இலவச எண் 1800-11-4949. பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.